கட்டிவைப்பதும் தங்கவைப்பதும்



ஒரு நிறுவனத்துக்குச் சரியான பணியாளர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் அவர்களைத் தங்கவைப்பது பற்றியும் பேச வேண்டும் என்று இந்தக் கல்லூரியில் கேட்டார்கள். இவற்றை இரண்டு வேலைகளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். முதல் வேலை, ஆள் சேர்ந்த அன்றைக்கு முடிந்துவிடுகிறது. இரண்டாவது வேலை, ராஜினாமாக் கடிதம் மேசைக்கு வந்த அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பணியாளர் துறையிலேயே தலை நரைத்தவன் நான். இவை இரண்டும் ஒரே வேலைதான் என்று சொல்வதற்காகவே இங்கே வந்திருக்கிறேன். ஒருவரிடம் எதைப் பார்த்து உள்ளே எடுத்தோமோ, உள்ளே வந்தபின் எதை நம்பி அவரிடம் ஒப்படைத்தோமோ, இந்த இரண்டும்தான் அவர் எத்தனை காலம் இருப்பார் என்பதை முடிவு செய்கின்றன. வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரமாகவும், அதையொட்டியே தெரிந்து வினையாடலை 52ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஆளை ஆராய்வதும் வேலையை ஒப்படைப்பதும் அவருக்கு அடுத்தடுத்த படிகள்.

திருப்பூர், கோவை, ஓசூர் பக்கம் போகிறவர்கள் கம்பெனி வாசல்களில் ‘ஆட்கள் தேவை’ அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். பவர்டேபிள் டெய்லர், ஓவர்லாக், செக்கிங், கைமடி, அயர்ன் மாஸ்டர், ஹெல்பர் என்று வரிசையாக எழுதியிருக்கும். சில வாசல்களில் அது காகிதத்தில் இருக்கும். ஆள் வந்ததும் கிழித்துவிடுவார்கள். சில வாசல்களில் தகரத்தில் பெயின்ட்டால் எழுதி, ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். பனியன் தொழிலில் ஆர்டர் வரும்போது ஆள் கூடுவதும் இல்லாதபோது குறைவதும் இயல்பு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டு முழுக்கத் தொங்குகிற தகரப் பலகை அந்த நிறுவனம் வளர்கிறது என்று சொல்லவில்லை. உள்ளே வருகிறவர்கள் அதே வேகத்தில் வெளியே போகிறார்கள் என்றுதான் சொல்கிறது. முதலாளியைக் கேட்டால், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய மனசில்லை” என்பார். வேலை செய்ய மனசில்லாதவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் எப்படித் தேடி வருகிறார்கள் என்பதை அவர் யோசிப்பதில்லை.

இந்தப் புலம்பல் புதியதும் அல்ல, நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1913இல் அமெரிக்காவில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் கார் ஆலை இதைவிட மோசமான நிலையில் இருந்தது. அந்த ஆண்டுதான் நகரும் கோர்ப்புவரிசையைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஒரு வண்டியின் பாகங்களைப் பொருத்தத் தெரிந்த தொழிலாளி, இனி நின்ற இடத்திலேயே நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கினால் போதும் என்றாகிவிட்டது. உற்பத்தி ஏறியது, ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் வேலை பார்க்க வேண்டிய ஆலைக்கு அந்த ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரி 5ஆம் தேதி ஃபோர்டு நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தது. அதற்கு முன் கிடைத்தது இரண்டரை டாலருக்கும் குறைவு. வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. மறுநாளிலிருந்து ஆலை வாசலில் கூட்டம் அலைமோதியது. ஆள் மாறும் விகிதம் 1914இல் 54 சதவீதமாகவும் அடுத்த ஆண்டு 16 சதவீதமாகவும் இறங்கியது.

மேலாண்மைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடும். கூலியை உயர்த்தினால் ஆள் தங்குவார்கள் என்பது உண்மைதான். அதை மறைத்து வேறு தத்துவம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் அந்த ஐந்து டாலரில் ஏறக்குறையப் பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. ஃபோர்டு நிறுவனம் ஒரு சமூகவியல் துறையை ஏற்படுத்தியது. அதன் ஆட்கள் தொழிலாளி வீட்டுக்குப் போய், வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா என்று விசாரித்துச் சான்று கொடுத்தால்தான் முழுத் தொகை. பெண்களுக்குத் தொடக்கத்தில் இது கிடையாது, 1916இல்தான் சேர்த்தார்கள். கூலியைக் கொடுத்த கையே தொழிலாளியின் வீட்டுக் கதவையும் திறந்து பார்த்தது. பணத்தோடு மரியாதையையும் சேர்த்துத் தருவதா, மரியாதையைக் கழித்துக்கொண்டு பணத்தைத் தருவதா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இது இன்னும் கசப்பானது.

ஆளைத் தங்கவைக்கத் தமிழர்கள் பார்த்த மிகப் பழைய வழி கடன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். முன்பணம் கொடுத்து, வழிச்செலவைக் கணக்கில் எழுதி, தோட்டத்தில் இறக்குவார்கள். இறங்கும்போதே தொழிலாளி கடன்காரர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். அவர் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டக்காரர் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொழிலாளியைக் கடனோடு கைமாற்றிக்கொண்டன. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

ஒழிந்தது அந்தச் சீட்டு மட்டும்தான். 1990களிலிருந்து நம் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவியது. திருமகள் திட்டம் என்றும் வேறு பெயர்களிலும் சொன்னார்கள். பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பது. ஆலை வளாகத்து ஹாஸ்டலில் தங்கவைப்பது. மாதம் கொஞ்சம் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கொடுப்பது. அது கல்யாணச் செலவுக்கு என்று பெற்றோரிடம் சொல்வார்கள். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு உலகச் சந்தையில் கேள்வி எழுந்தது. நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்பிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்தன. அந்த மொத்தத் தொகை ஏதோ முதலாளியின் அன்பளிப்பு அல்ல. மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலி அது. மூன்றாம் ஆண்டின் நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவளுக்கு அது கைக்கு வராமலே போனதுண்டு. இதற்குப் பெயர் தங்கவைப்பது அல்ல. அவளுடைய பணத்தையே கயிறாகத் திரித்து அவள் காலில் கட்டுவது.

படித்தவர்களுக்கும் இந்தக் கயிறு உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ளும் கல்வி நிறுவனங்களை நான் அறிவேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கே தெரியும். பாண்டு எழுதி வாங்கும் கம்பெனிகளும் உண்டு. பாண்டு எல்லாமே சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தேர்வு நடத்தி ஆளெடுக்கும் செலவு வங்கிக்கு இருக்கிறது என்பது நியாயம்தான். ஆனால் நீதிமன்றத்தில் செல்லுகிற காகிதம், பணியிடத்தில் மனதைத் தராது. இரண்டு லட்சத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்த இரண்டு லட்சத்துக்கு உரிய வேலையைத்தான் செய்வார்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் நம்மிடம் உண்டு: தங்க விரும்புகிறவரைத் தங்கவிடாமல் துரத்துவது. 1981இல் தமிழ்நாட்டில் ஒரு நல்ல சட்டம் வந்தது. தொழில் நிறுவனமொன்றில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. பலன் என்ன ஆனது? 480 வரை போகவிடாமல் கணக்குப் பார்த்து நிறுத்துவதற்கென்றே சில இடங்களில் ஆள் வைத்தார்கள். நான் நேரில் பார்த்த ஓர் ஆலையில், நாள் நெருங்கியதும் பட்டியல் வரும். அந்தத் தொழிலாளியைச் சில வாரம் வீட்டில் உட்காரச் சொல்லி, பிறகு புது டோக்கன் நம்பரில் புது ஆளாக எடுப்பார்கள். திரும்பி வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. லேத்தின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லக்கூடியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் வந்தவர்கள் டூல் உடைந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். உடைந்த டூலும் கழிவான உருப்படியும் உற்பத்திச் செலவில் போய்ச் சேர்ந்தன. நிரந்தரமாக்காமல் மிச்சம் பிடித்த பணம் பணியாளர் செலவில் சேமிப்பாகத் தெரிந்தது. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

இனி நான் சொல்லப்போவது இந்த மதுரையிலேயே நடந்தது. இதைச் சொல்வதற்காகத்தான் மற்றதையெல்லாம் முன்னால் சொன்னேன்.

1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 58. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடுதான் கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியிருந்தார். 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் குடும்பத்தினரும் உடன் நின்றார்கள். பிறகு அது உலகத்திலேயே மிக அதிகமாகக் கண் அறுவை செய்யும் நிறுவனங்களில் ஒன்றானது. கண் புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுபடியாகாமல், 1992இல் ஆரோலேப் என்று சொந்த ஆலை தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இவையெல்லாம் பலருக்கும் தெரியும். இந்த மருத்துவமனை யாருடைய உழைப்பில் ஓடுகிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அங்கே பணியாளர்களில் பெரும்பகுதியினர் மருத்துவர்கள் அல்லர். தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்த பெண்கள். நோயாளிகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, சிகிச்சையை விளக்கிச் சம்மதம் கேட்பது, அறுவைக்குத் தயார் செய்வது, பின்பு கட்டுப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைச் சிஸ்டர்கள் தயாராக வைத்திருப்பார்கள். முடிந்ததும் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் அளவுக்கு அறுவை செய்ய முடிவது, ஒரு மருத்துவரைச் சுற்றி இத்தனை பயிற்சி பெற்ற கைகள் இருப்பதால்தான்.

எண்ணிப் பாருங்கள். நூற்பாலை முகவரின் வேன் போன அதே கிராமங்கள். அதே வயது. அதே மாதிரிக் கரிசல்காட்டுக் குடும்பங்கள். மகளைத் தனியாக வெளியூருக்கு அனுப்பத் தயங்குகிற அதே அப்பா அம்மா. ஹாஸ்டல் இரண்டு இடத்திலும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஒன்று அந்தப் பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளை இருக்கச் செய்தது. மற்றொன்று இரண்டு ஆண்டுப் பயிற்சியைக் கட்டணமில்லாமல், உதவித்தொகையும் கொடுத்து அளித்து, அவள் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தது. ஒன்றில் மூன்று ஆண்டு கழித்து அவளிடம் இருப்பது ஒரு தொகை, அதுவும் கிடைத்தால். மற்றொன்றில் அவளிடம் இருப்பதை யாராலும் பிடித்தம் செய்ய முடியாது.

தேர்வு செய்யும் முறையிலும் வேறுபாடு இருக்கிறது. அரவிந்தில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. பெற்றோரையும் வரச் சொல்லிப் பேசுகிறார்கள். விவசாயக் குடும்பமா, வீட்டில் பொறுப்பெடுத்துப் பழகியவளா, வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுவாளா என்று பார்க்கிறார்கள். ஒளிவிலகலும் கண்ணழுத்தமும் கற்றுக்கொடுத்துவிடலாம். கண் தெரியாத ஒரு பாட்டியின் கையைப் பிடித்துப் படியேற்றும் மனதை இரண்டு ஆண்டில் கற்றுக்கொடுக்க முடியாது. கற்பிக்க முடியாததை வாசலிலேயே பார்த்து எடு. கற்பிக்க முடிந்ததை உள்ளே வைத்துக் கற்பி. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சாப்ட்வேர் தெரியுமா, மிஷின் தெரியுமா என்று கேட்டு எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்று அனுப்புகிறோம்.

இந்தப் பெண்களில் பலர் சில ஆண்டுகள் கழித்துக் கல்யாணமாகி விலகிப் போகிறார்கள். நிறுவனம் அதைத் துரோகமாகப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் புதிய அணியை எடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இருப்பவர்களில் திறமையானவர்கள் பயிற்றுநர்களாக, பிரிவுப் பொறுப்பாளர்களாக மேலே வருகிறார்கள். மருத்துவர்களும் பயிற்சி முடித்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் போவதுண்டு. தங்கவைப்பது என்றால் ஒருவரும் போகக்கூடாது என்று பொருள் கொள்ளக்கூடாது. யார், எப்போது, ஏன் போவார்கள் என்பது முன்கூட்டித் தெரிந்த நிறுவனத்துக்கு அது அதிர்ச்சியாக இருக்காது. போகிறவர் நல்ல வார்த்தை சொல்லிப் போனால், அடுத்த ஆண்டு அவர் ஊரிலிருந்து இன்னொரு பெண் வருவாள். கிராமத்தில் விளம்பரம் அப்படித்தான் நடக்கிறது.

எல்லா நிறுவனமும் மருத்துவமனை அல்லவே, எங்களிடம் அப்படி ஒரு லட்சியம் இல்லையே என்று தொழில் நடத்துபவர்கள் கேட்கலாம். நட்டுபோல்ட் செய்பவரிடம் ஆன்மிகம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் ஒரு தொழிலாளி தன் கையில் திறமை கூடிக்கொண்டே வருகிறது என்று உணர்வதற்கு மருத்துவமனை தேவையில்லை. டிரில்லிங்கில் சேர்ந்தவனை ஓராண்டில் மில்லிங்குக்கு மாற்றி, பிறகு சி.என்.சி. செட்டிங் கற்றுக்கொடுக்கலாம். பொட்டு வைத்த மாதிரி ஒரே இடத்தில் வைத்திருந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்ததும் போய்விடுவான். கற்றுக்கொடுத்தால் போய்விடுவானே என்ற பயம் எனக்கும் பழக்கம்தான். எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கற்றுக்கொடுக்காமல் வைத்திருந்தால் இருக்கிறானே, அந்தச் செலவை யார் கணக்கெடுப்பது?

தேர்வு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் பேசியதும் ‘ஆளைப் பார்த்தாலே தெரியும்’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் தெரியாது. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆளெடுக்கும் முறைகளைப் பற்றிய 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்த முறை, பின்னாளில் அந்த ஆள் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்பது கேள்வி. முழுமையாகப் பொருந்தினால் ஒன்று, பொருத்தமே இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்வதற்கு 0.54 கிடைத்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.51. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18. எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு 0.10. 2022இல் பால் சாக்கெட்டும் மற்றவர்களும் இந்தக் கணக்கைத் திருத்தி, பல எண்களைக் கீழே இறக்கினார்கள். அப்போதும் ஒழுங்கான கேள்விகளோடு நடத்தும் நேர்முகம்தான் பட்டியலின் உச்சிக்கு வந்தது. நம் விளம்பரங்களிலோ முதலில் கேட்பது, எத்தனை வருட அனுபவம் என்பதையும் என்ன டிகிரி என்பதையும்.

வெல்டர் எடுக்கும்போது நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். இரண்டு பிளேட்டைக் கொடுத்து ஒட்டச் சொல்வோம். ஒட்டு எப்படி இருக்கிறது என்று ஃபோர்மன் பார்ப்பார். நான் வேறொன்றைப் பார்ப்பேன். முடித்ததும் ஸ்லாகைத் தட்டி, பிரஷ் போட்டு, தன் ஒட்டைத் தானே ஒருமுறை குனிந்து பார்க்கிறாரா, அல்லது அப்படியே நீட்டுகிறாரா? குனிந்து பார்க்கிறவர் ஒட்டு சுமாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். அவரை நல்ல வெல்டராக்க முடியும். “இதில் எங்கே குறை?” என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுகிறவரை விடவே மாட்டோம்.

சிபாரிசு பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் ஆளெடுப்பதைப் பற்றிப் பேச முடியாது. சிபாரிசு எல்லாமே கெடுதல் இல்லை. உள்ளே நன்றாக வேலை செய்கிற ஒருவர் தன் ஊர்ப் பையனைக் கூட்டி வந்தால், அவன் நடத்தைக்குத் தன் பெயரையே பொறுப்பாக வைக்கிறார். அது நல்லது. ஆனால் ஒரே ஊர், ஒரே சாதி என்று ஒரு பிரிவு முழுக்க நிறைந்துவிட்டால், அதற்கு வெளியே இருந்து வருகிறவர் மூன்று மாதம் தாங்க மாட்டார். அவர் போனதற்குக் காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று பதிவேட்டில் இருக்கும். பரிந்துரைத்தவர் தேர்வு செய்யும் இடத்தில் உட்காரக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவர் உறவினரையும் அடுத்த தேர்வில் சேர்க்கக்கூடாது என்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று.

பெரும்பாலானவர்கள் விலகிப் போவது சின்ன விஷயங்களில். முதலாளிக்குச் சின்னது, அதை ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறவருக்குச் சின்னதல்ல. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள், அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும் வந்து சொன்ன குறைகளில் முக்கியமானது மதிய இடைவேளை. அரை மணி நேரத்தில் கை கழுவிச் சோறு தின்று திரும்ப முடியவில்லை; கொஞ்சம் தாமதித்தால் கதவை அடைத்துவிடுகிறார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு சேர்ந்து அந்தச் சங்கத்தைப் பெரிதாக வளர்த்தார்கள். தொடக்கத்தில் இருந்தது சோறு தின்ன நேரம். அந்தச் சில நிமிடங்களைக் கேட்ட அன்றே கொடுத்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்குமோ தெரியாது; கொடுக்க மறுத்ததில் நிர்வாகம் எதையும் சம்பாதிக்கவில்லை.

நூறு ஆண்டு கழித்தும் நாம் நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் அதட்டுவார். கேரளம் 2018இல் திருத்தம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலை என்ன? கால் வீங்கி வேலையை விட்டுப் போன ஒரு நல்ல விற்பனைப் பெண், அவள் முகத்துக்காகவே வந்த வாடிக்கையாளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறாள். சட்டம் வருவதற்கு முன்பே ஸ்டூல் போட்ட சிறு கடைக்காரர்கள் இருந்தார்கள். அந்தக் கடைகளில் பத்துப் பதினைந்து வருடமாக அதே முகங்களைப் பார்க்கலாம்.

விலகுகிறவர்களில் மிகப் பலர் முதல் மூன்று மாதத்துக்குள் விலகுகிறார்கள். முதல் நாள் காலை வந்தவனை யார் எதிர்கொள்கிறார்கள், எங்கே சாப்பிடுவது என்று யார் காட்டுகிறார்கள், முதல் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று யார் விளக்குகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லாததால், கம்பெனி ஏமாற்றுகிறது என்று நினைத்துப் போன பையன்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைப் பொறுப்பில் வைக்காமல், தரகர் சொல்வதே அவர்கள் குரல் என்று எடுத்துக்கொண்டால், தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊர் போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்பது கடைசி வரை தெரியாது.

தொழில் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கே உங்கள் வருகைப் பதிவேட்டை எடுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, இன்றைக்கு இல்லாதவர்களை அடியுங்கள். அடிபட்டவர்களில் ஐந்து பேருக்குப் போன் செய்து, திரும்ப வரச் சொல்லாமல், ஏன் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அதை சூப்பர்வைசரிடம் ஒப்படைக்காதீர்கள். பல நேரம் அவர்தான் காரணம். நியமனக் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, எப்போது நிரந்தரம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஐந்து ஆண்டு முடித்தால் பணிக்கொடை என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதை, நான்கரை ஆண்டில் அனுப்பிவிடும் வழியாகப் பார்க்காதீர்கள். ஒருவரிடமிருந்து எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், சான்றிதழையோ கூலியையோ.

மாணவ மாணவியரே, நீங்கள் சீக்கிரமே நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் உட்காரப் போகிறீர்கள். உங்களிடம் கேள்வி கேட்டு முடித்தபின், “நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். பலரும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். நீங்கள் எழுந்து வராதீர்கள். இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். அவர் இதே நிறுவனத்தில் மேலே போயிருக்கிறார் என்றோ, நல்லபடியாக விலகி இன்ன இடத்தில் இருக்கிறார் என்றோ நேராகப் பதில் சொன்னால் அங்கே சேருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் தேடுங்கள்.